ரொந்தெல் என்றால் வாஷரா, ஹாக்கி வட்டா? ஆங்கில–பிரெஞ்சு கலைச்சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மான்ட்ரியலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஓர் ஐஸ் ஹாக்கி அரங்கின் பராமரிப்புக் கையேட்டைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலை கிடைத்தது. ஆடுகளத்தைச் சுற்றியிருக்கும் கண்ணாடித் தடுப்பை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று அதில் ஒரு பக்கம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு 'ரொந்தெல்' போடச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லை முந்தைய வாரம்தான் டிவி வர்ணனையில் கேட்டுக் கற்றிருந்தேன்: மட்டையால் அடிக்கிற கறுப்பு ரப்பர் வட்டு, அதாவது பக். புதுச் சொல் கைக்கு வந்த பெருமை. போல்ட் ஒன்றுக்கு இரண்டு பக் போட்டு முடுக்கவும் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பக் 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன், 160 கிராம் போல எடை. அதை எந்தப் போல்ட்டில் கோப்பது? சரிபார்த்த அம்மையார் திட்டவில்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பினார். பட்டறையில் 'ரொந்தெல்' என்றால் வாஷர்.

அன்றிலிருந்து இந்த மாதிரித் தவறுகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் என்னுடையவை, கொஞ்சம் மற்றவர்களுடையவை. மொழிபெயர்ப்பு வேலைக்கு வருகிறவர்கள், பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகள், பிரான்ஸிலோ கனடாவிலோ பட்டறை வேலை பார்க்கிறவர்கள் யாருக்காவது உதவும்.

எந்த ஊர்ப் பிரெஞ்சு என்று பார்க்காமல் எடுப்பது

நான் பிரெஞ்சு படித்தது புதுச்சேரியில். அங்கே சொல்லிக்கொடுத்தது பிரான்ஸ் நாட்டுப் பிரெஞ்சு. அதில் பக்குக்குப் பெயர் 'பலே'. (தமிழ்க் காதுக்குப் பாராட்டுவது போலத்தான் இருக்கும்.) மான்ட்ரியல் இருக்கும் கியூபெக்கில் (பிரெஞ்சு பேசும் கனடா மாகாணம்) அதே பொருள் 'ரொந்தெல்'. ஹாக்கி மட்டை பிரான்ஸில் 'க்ரொஸ்', கியூபெக்கில் 'பத்தோன்'. கோலை நோக்கி அடிப்பது அங்கே 'தீர்', இங்கே பெரும்பாலும் 'லான்சே'. ஒரே ஆட்டத்தில் ஒருவர் மூன்று கோல் போட்டால் அங்கே 'தொப்பி அடி', இங்கே 'தொப்பிச் சுற்று'.

சொல் மாறினால் பரவாயில்லை, புரிந்துகொள்வார்கள். பொருளும் சேர்ந்து மாறும்போதுதான் சிக்கல். 'க்ரொஸ்' என்று கியூபெக்கில் சொன்னால் மட்டை நினைவுக்கு வராது. லக்ரோஸ் என்ற தனி விளையாட்டே வந்துவிடும். சாதாரண விளையாட்டும் இல்லை அது. 1994-இல் கனடா சட்டம் போட்டபோது ஐஸ் ஹாக்கியைக் குளிர்காலத் தேசிய விளையாட்டாகவும் லக்ரோஸைக் கோடைகாலத் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. அதே போல 'ஃபுட்போல்' என்றால் பிரான்ஸில் காலால் உதைக்கும் பந்து. கியூபெக்கில் அது தலைக்கவசம் போட்டுக்கொண்டு கையில் பந்தோடு ஓடும் வட அமெரிக்க ஆட்டம். காலால் ஆடுவதற்கு இங்கே பிரெஞ்சிலும் 'சாக்கர்' என்றே பெயர்.

ஆங்கிலக் கடல் நடுவே இருக்கிற கியூபெக்கில்தான் விளையாட்டுச் சொற்கள் அதிகம் பிரெஞ்சாக இருக்கின்றன, பாரிஸில் ஆங்கிலச் சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. கேட்கிறவர்களுக்கு இது விசித்திரம். ஆனால் காரணம் இருக்கிறது. கடலுக்குள் இருப்பவன்தான் கரை கட்டுவான். 1952-இல் ரேடியோ-கனடா ஹாக்கியைத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கியபோது வர்ணனை செய்த ரெனே லெகவாலியே சுத்தமான பிரெஞ்சில் ஆட்டத்தைச் சொன்னார். அதுவரை ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்த பையன்கள், டிவியைப் பார்த்துப் பிரெஞ்சுச் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். பேஸ்பாலுக்கும் எக்ஸ்போஸ் அணி மான்ட்ரியலில் இருந்த 1969 முதல் 2004 வரை வானொலி அதையே செய்தது.

நமக்கு இது புதிதா என்ன? யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம், மதுரையில் கால்பந்து. அங்கே கரப்பந்தாட்டம், இங்கே கைப்பந்து. ஒரே மொழிக்குள் இரண்டு நாடு இருந்தால் இரண்டு சொல் இருக்கும். எந்த ஊருக்கு அனுப்பப் போகிறோம் என்று வேலை கொடுப்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. கேட்காமல் ஆரம்பித்துப் பாதியில் எல்லா 'பலே'யையும் 'ரொந்தெல்' ஆக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

ஒன்றுக்கு ஒன்று என்று நினைப்பது

ஆங்கிலத்தில் பந்து என்றால் எல்லாப் பந்தும் 'பால்'. தமிழிலும் அப்படித்தான். பிரெஞ்சில் கைக்குள் அடங்கும் பந்து 'பல்' (பயப்படாதீர்கள், தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படித்தான் ஆகிறது): டென்னிஸ், கோல்ஃப், பேஸ்பால் எல்லாம் இதில் வரும். காற்றடைத்த பெரிய பந்து 'பலோன்': கால்பந்து, கூடைப்பந்து, ரக்பி. பில்லியர்ட்ஸுக்கு வேறு சொல். ஆக, அகராதியில் முதல் வரியை எடுத்துப் போட்டால் கூடைப்பந்து வீரர் டென்னிஸ் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார்.

அதோடு முடியவில்லை. டென்னிஸில் 'பல் தெ மாட்ச்' என்பது பந்தே இல்லை. ஆட்டத்தை முடிக்க இன்னும் ஒரே புள்ளி வேண்டும் என்ற நிலை. ஆங்கிலத்தில் 'மாட்ச் பால்' என்றால் கால்பந்தில் அன்றைய ஆட்டத்துக்குப் பயன்படுத்திய பந்து. மூன்று கோல் போட்டவர் வீட்டுக்கு எடுத்துப் போவாரே, அது.

என் நோட்டில் அதிக இடம் பிடித்த ஆங்கிலச் சொல் 'ஸ்ட்ரோக்'. நீச்சல்காரருக்கு அது நீந்தும் முறை, பிரெஞ்சில் 'நாஜ்'. டென்னிஸிலும் கோல்ஃபிலும் ஓர் அடி, பிரெஞ்சில் 'கூ'. எஞ்சின் மெக்கானிக்குக்குப் பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், பிரெஞ்சில் 'கூர்ஸ்'. அதே மெக்கானிக் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் என்று சொன்னாலோ 'கூர்ஸ்' செல்லாது, 'காத்ர் தாம்' என்பார்கள், நாலு காலம் என்கிற மாதிரி. இதில் 'கூர்ஸ்' என்ற சொல்லுக்குப் பந்தயம் என்றும் பொருள் இருக்கிறது. ஒரு மோட்டார் பந்தயக் கட்டுரையில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வந்தன. ஒன்று பிஸ்டனின் ஓட்டம், இன்னொன்று காரின் ஓட்டம்.

'வொலான்' இன்னொன்று. பேட்மின்டனில் ஷட்டில் காக், காரில் ஸ்டீயரிங், எஞ்சினில் ஃப்ளைவீல். கியூபெக்கில் ஷட்டில் காக்கைப் பேச்சுவழக்கில் 'ம்வானோ' என்பார்கள், சிட்டுக்குருவி. இறகும் எடையும் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். 'பப்பியோன்', அதாவது பட்டாம்பூச்சி, இன்னும் மோசம். நீச்சலில் பட்டர்ஃப்ளை, குழாயில் பட்டர்ஃப்ளை வால்வு. இதுவரை ஆங்கிலமும் கூடவே வருகிறது. விரலால் திருகும் காது வைத்த நட்டு பிரெஞ்சில் பட்டாம்பூச்சி, ஆங்கிலத்தில் இறக்கை நட்டு. பேஸ்பாலில் சுழலாமல் தள்ளாடி வரும் பந்து பிரெஞ்சில் பட்டாம்பூச்சிப் பந்து, ஆங்கிலத்தில் விரல் முட்டிப் பந்து. பட்டாம்பூச்சி கண்ட இடமெல்லாம் பட்டர்ஃப்ளை போடுகிறவர் இங்கே வழுக்கி விழுவார்.

பார்த்த முகம் என்று நம்புவது

ஆங்கிலம் போலவே இருக்கும் பிரெஞ்சுச் சொற்கள்தான் மிக ஆபத்தானவை. தெரியாத சொல் வந்தால் அகராதியைத் திறப்போம். தெரிந்த முகமாக வந்தால் யார் திறக்கப் போகிறார்கள்? பிரான்ஸில் 'கேட்ச்' என்றால் டிவியில் காட்டும் நாடக மல்யுத்தம். ஒலிம்பிக் மல்யுத்தத்துக்கு 'லூத்' என்று வேறு சொல். 'டென்னிஸ்மன்' என்றால் டென்னிஸ் வீரர், ஆனால் அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலத் துண்டுகளை வைத்துத் தாங்களே செய்துகொண்டது. 'ஸ்தாஜ்' மேடை ஆகாது, பயிற்சி முகாம். 'ஆந்த்ரெனர்' என்பவர் கோச். வட அமெரிக்க ஆங்கிலத்தில் 'ட்ரெயினர்' என்றால் அடிபட்டவருக்குக் கட்டுப் போடுபவர், அவர் பிரெஞ்சில் 'ஸ்வானியர்'. இருவரையும் மாற்றிப் போட்ட அணிப் பட்டியல் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். தலைமைப் பயிற்சியாளர் ஐஸ் பையோடு ஓட வேண்டியிருந்திருக்கும்.

பெனால்டி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2022 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸின் எம்பாப்பே மூன்று கோல் போட்டார். அதில் இரண்டு ஆட்டத்துக்குள் கிடைத்த பெனால்டி. 3–3 என்று நின்ற பிறகு வெற்றி தோல்வியை முடிவு செய்யத் தனியாக உதைத்தார்கள். அதிலும் அவர் ஒன்று உதைத்து உள்ளே அனுப்பினார். அர்ஜென்டினா 4–2 என்று வென்றது. ஆங்கிலப் பத்திரிகை எல்லா உதையையும் பெனால்டி என்றே எழுதும். பிரெஞ்சில் ஆட்டத்துக்குள் வந்த இரண்டும் 'பெனல்தி', கடைசியாக உதைத்தது 'தீர் ஓ ப்யூ'. பின்னது கோல் கணக்கில் சேராது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தைப் பார்த்து எல்லாவற்றுக்கும் 'பெனல்தி' போட்டால், பெனால்டியில் மூன்று, ஆட்டத்தில் ஒன்று, மொத்தம் நாலு கோல் என்று வாசகர் கூட்டிக்கொள்வார்.

சரி, 'தீர் ஓ ப்யூ' கற்றாயிற்று என்று கியூபெக் ஹாக்கிப் பக்கம் வந்தால் அங்கே அதே சொல்லுக்கு, ஆட்டத்தில் கோலை நோக்கி அடித்த அடிகளின் எண்ணிக்கை என்று பொருள். சமன் முறிக்க அடிப்பது 'தீர் தெ பராஜ்'. நான் இதை மூன்று முறை தப்பு செய்த பிறகுதான் நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

பட்டறைப் பக்கம் போனால் தவறுக்கு விலை அதிகம். 'பெத்ரோல்' என்றால் நிலத்திலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய். வண்டிக்குப் போடுவது 'எஸான்ஸ்'. 'கோந்த்ரோலே' என்பது பெரும்பாலும் சரிபார் என்று பொருள்படும். "அழுத்தத்தைக் கோந்த்ரோலே செய்க" என்றால் மீட்டரைப் பார்த்தால் போதும், வால்வைத் திருகிக் கட்டுப்படுத்தச் சொல்லவில்லை. 'எவான்துயெல்மான்' என்றால் தேவைப்பட்டால் என்று பொருள். ஆங்கிலத்தில் அதே சாயலில் இருக்கும் சொல்லுக்குக் கடைசியில், காலப்போக்கில் என்று அர்த்தம். தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் சீல் என்ற வளையத்தைப் பற்றி ஒரு பம்ப் கையேட்டில் "சீலைத் தேவைப்பட்டால் மாற்றவும்" என்று இருந்ததை, "சீலைக் கடைசியில் மாற்ற வேண்டிவரும்" என்று யாரோ ஆங்கிலமாக்கியிருந்தார்கள். படிக்கிற டெக்னீஷியன் என்ன செய்வார்? இப்போதைக்குத் தேவையில்லை என்று மூடி வைத்துவிடுவார். சீல் அன்றே ஒழுகிக்கொண்டிருந்தாலும்.

மின்சாரத்தில் ஆங்கிலம்தான் சோம்பேறி. ரீசார்ஜ் செய்ய முடியாத ரிமோட் செல்லும் கார் பேட்டரியும் அதற்கு ஒன்றுதான். பிரெஞ்சில் முதலாவது 'பீல்', இரண்டாவது 'பத்ரி'. வட அமெரிக்காவில் 'கிரவுண்ட்' என்பது பிரெஞ்சில் பூமிக்குள் இறங்கும் எர்த்தாகவும் இருக்கலாம், கருவியின் உலோக உடம்பாகவும் இருக்கலாம்; இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. வரைபடத்தைப் பார்க்காமல் இதைத் தீர்மானிக்கவே முடியாது.

எண்களை மொழிபெயர்க்க வேண்டாம் என்று விட்டுவிடுவது

எண் எல்லா மொழியிலும் எண்தானே என்று தாண்டிப் போய்விடுகிறோம். ஆங்கிலத்தில் 1,250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. பிரெஞ்சில் அதே எழுத்துக்கு ஒன்றேகால் என்று பொருள், ஏனென்றால் அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி. ஆயிரங்களைப் பிரிக்க இடைவெளி விடுவார்கள். 2003-இல் கூடிய சர்வதேச எடை அளவு மாநாடு தசமத்துக்குப் புள்ளியோ காற்புள்ளியோ எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆயிரங்களைப் பிரிக்க இரண்டையும் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. யார் கேட்கிறார்கள்?

அடுத்தது பில்லியன். ஆங்கில பில்லியன் நம் கணக்கில் 100 கோடி. பிரெஞ்சில் 100 கோடிக்கு 'மில்யார்' என்று பெயர். பிரெஞ்சு 'பில்யோன்' என்பது லட்சம் கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு மைதானம் கட்டிய செலவை இப்படி மாற்றி எழுதினால் நாட்டின் பட்ஜெட்டையே தாண்டிவிடும். கணினியில் பைட்டுக்குப் பிரெஞ்சில் 'ஒக்தே' என்று பெயர், அதனால் மெகாபைட்டின் சுருக்கம் 'மோ'. அதை மெகாபிட் என்று எடுத்துக்கொண்டால் எட்டு மடங்கு பிசகும்.

கணிதம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. பிரான்ஸ் பாடப்புத்தகத்தில் 'பாசிடிவ்' என்ற சொல்லுக்குள் பூஜ்யமும் அடக்கம். பூஜ்யத்தை விலக்க வேண்டுமென்றால் 'கண்டிப்பான பாசிடிவ்' என்று அழுத்திச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் பாசிடிவ் என்றாலே பூஜ்யம் கிடையாது. தேற்றத்தை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு எழுத்துக்கு எழுத்து மாற்றினால், நிரூபணத்தில் எங்கேயாவது பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்துவிடும்.

ஆண்பாலா பெண்பாலா என்று எழுதாமல் விடுவது

சொற்பட்டியல் தயாரிக்கும்போது பிரெஞ்சுச் சொல் ஆண்பாலா பெண்பாலா என்று குறிக்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். 'மான்ஷ்' ஆண்பாலில் சுத்தியல் கைப்பிடி. பெண்பாலில் டென்னிஸ் செட், பேஸ்பால் இன்னிங்ஸ், சட்டைக் கை எல்லாம். 'தூர்' ஆண்பாலில் சைக்கிள் பந்தயத்தின் சுற்று, அதோடு பட்டறையில் கடைசல் இயந்திரம், நம் ஆட்கள் லேத் என்பது. பெண்பாலில் கோபுரம். தலையில் 'லெ'யா 'லா'வா என்ற ஒரு துணுக்குதான் வித்தியாசம். அதை வெட்டிவிட்டுப் பட்டியல் கொடுத்தால் பாதிப் பட்டியல்தான் கொடுத்திருக்கிறோம்.

சுருக்கப் பெயர்களில் விதி என்று ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான். ஃபிஃபா பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம், ஆங்கிலத்திலும் அதுவே. ஒலிம்பிக் கமிட்டி ஆங்கிலத்தில் ஐ.ஓ.சி., பிரெஞ்சில் சே.ஈ.ஓ. மான்ட்ரியலில் தலைமையகம் வைத்திருக்கும் ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை இரு மொழிக்கும் இரு சுருக்கம் வைத்திருக்கிறது, வாடா என்றும் அமா என்றும். உலக நேரத்துக்கு யு.டி.சி. என்று வைத்தது இரு மொழியின் எழுத்து வரிசைக்கும் பொருந்தாத சமரசம்.

ஒன்று மூலம், மற்றது நிழல் என்று நினைப்பது

இருமொழி ஆவணத்தில் பிரெஞ்சுப் பக்கத்தை அலங்காரத்துக்கு என்று நினைத்து யாரும் படிப்பதில்லை. ஒலிம்பிக் சாசனமே நெடுங்காலம் சொல்லிவந்தது, இரண்டுக்கும் முரண் வந்தால் பிரெஞ்சுதான் செல்லும் என்று. கனடாவின் கூட்டாட்சிச் சட்டங்களில் இரண்டும் சம அதிகாரம் கொண்டவை.

இதற்கு நல்ல உதாரணம் மின்கம்ப வழக்கு. ரோஜர்ஸ் நிறுவனம் தன் கேபிளை அலையன்ட் நிறுவனத்தின் கம்பங்களில் கட்டிக்கொள்ள ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. ஐந்து வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாக நீளும், ஒரு வருட முன்னறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வாக்கியம். முடித்துக்கொள்ளும் உரிமை முதல் ஐந்து வருடத்துக்கும் உண்டா, பிந்தைய காலத்துக்கு மட்டுமா? ஆங்கிலத்தில் ஒரு காற்புள்ளி நின்ற இடத்தை வைத்து, எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம் என்று 2006-இல் கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையம் சொன்னது. ரோஜர்ஸ் மேல்முறையீட்டில், அந்த ஒப்பந்தத்துக்கு அடிப்படையான மாதிரிப் படிவத்தின் பிரெஞ்சுப் பிரதியை எடுத்து நீட்டியது. அதில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. 2007-இல் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆங்கிலத்தில் சந்தேகம் வந்த அன்றே யாராவது அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் ஒரு வருட வழக்கு மிச்சம்.

சொல் தேடும்போது நான் முதலில் போவது இரண்டு இடம். கனடா அரசின் மொழிபெயர்ப்புப் பணியகம் நடத்தும் டெர்மியம், கியூபெக் மொழி அலுவலகத்தின் பெரிய கலைச்சொல் அகராதி. இரண்டும் இணையத்தில் இலவசம். இங்கேயும் ஒரு தவறு நடக்கும்: சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவது. மேலே எந்தத் துறை என்று எழுதியிருக்கும், பக்கத்தில் சரி, தவிர்க்க என்று குறி இருக்கும், கீழே விளக்கம் இருக்கும். விளக்கத்தைப் படித்து, நம் கையில் உள்ள பொருளோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு சொல்லை எடுக்க வேண்டும். பொருளைக் கண்ணால் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. இப்போதெல்லாம் உதிரிபாகப் பட்டியல் வந்தால் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடுகிறேன்.

என் நோட்டில் முதல் பக்கம் இன்றைக்கு இப்படி இருக்கிறது. ரொந்தெல், பெண்பால். இயந்திரவியல்: வாஷர். ஐஸ் ஹாக்கி, கியூபெக் மட்டும்: பக், பிரான்ஸில் 'பலே'. சமையல்: வட்டமாக நறுக்கிய துண்டு. மூன்றாவதைப் போன மாதம்தான் சேர்த்தேன், ஒரு வெள்ளரிக்காய் சாலட் செய்முறையைப் பார்த்து.